வேறு கடையில் கழுவிய படம்

பெரியக்காவைப் பற்றிச் சொல்வதென்றால் அவர் இல்லாத படங்களிலிருந்து தொடங்குவதே முறை. வாழ்நாளின் பெரும்பகுதியைப் புகைப்படங்களுக்கு நடுவில் கழித்தவர் அவர். ஆனால் அவர் முகம் பதிந்த படங்கள் எல்லாம் ஒரே உறைக்குள் அடங்கிவிடும். அதிலும் ஒன்று வேலை அட்டைக்காக எடுத்தது. இன்னொன்றில் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்.

பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு ஒரு கலர் லேபில் சேர்ந்தார். முதலில் கவுண்ட்டரில் பிலிம் ரோல் வாங்கி உறையில் பெயர் எழுதும் வேலை. பிறகு மெஷின். கழுவிய நெகட்டிவை அதில் செருகினால் ஒவ்வொரு படமும் சின்னத் திரையில் வந்து நிற்கும். முகம் மஞ்சளடித்திருந்தால் மஞ்சளைக் குறைக்க வேண்டும். சிவந்திருந்தால் சிவப்பைத் தணிக்க வேண்டும். பிறகு பொத்தானை அழுத்த வேண்டும். ஊராருடைய சந்தோஷம் எல்லாம் அவர் கையால் நிறம் திருத்தப்பட்டுத்தான் வீடு போய்ச் சேர்ந்தது. பிலிம் காலம் முடிந்தபோது, லேபை மூடிவிடுவார்கள் என்று எல்லோரும் முன்கூட்டியே அனுதாபப்பட்டார்கள். லேப் அவர்களை ஏமாற்றியது. காபிக் கோப்பையிலும் தலையணை உறையிலும் முகங்களை அச்சடிக்கத் தொடங்கி முன்னைவிடப் பெரிதாக வளர்ந்தது. பெரியக்கா இன்றும் அங்கேதான் இருக்கிறார், சூப்பர்வைசராக. "முன்னெல்லாம் படத்தை ஆல்பத்துல ஒட்டி வெச்சாங்க. இப்ப அதுலயே காபி குடிக்கறாங்க. பாசம் ஏறிப்போச்சு" என்பார்.

லிப்ட் பழுது பார்க்கும் ஒருவரை மணந்தார். வாழ்க்கையின் ஏற்ற இறக்கங்களைத் தொழிலாகவே கொண்ட மனிதர் என்பதால் அந்த வீட்டில் சண்டை குறைவு.

லேபின் பழைய முதலாளி அவருக்குச் சேர்ந்த அன்றே ஒரு புத்தி சொன்னார்: "நிறத்தைப் பாரும்மா, ஆளைப் பார்க்காதே." பெரியக்கா இரண்டையும் பார்த்தார், ஆனால் ஒன்றைப் பற்றித்தான் பேசினார். ஊரில் மதிப்பும் மரியாதையுமாக உலவிய ஒரு பள்ளித் தாளாளர் ஒரு ரோல் கொடுத்தார். அதில் மலை உச்சியில் ஒரு பெண்மணியோடு நின்றார். அடுத்த ரோலில் அதே மலை, அதே ஸ்வெட்டர், வேறு பெண்மணி. இரண்டு உறைகளையும் ஒரே புன்னகையோடுதான் பெரியக்கா நீட்டினார். வீட்டில் மூச்சு விடவில்லை. அவர் வாய் திறந்திருந்தால் அந்த ஊரில் பாதி வீடுகளில் அன்றைக்கு அடுப்பு எரிந்திருக்காது. ஊர் ரகசியங்கள் எல்லாம் தெரிந்த ஒருவருக்குத் தன் வீட்டு ரகசியம் மட்டும் தெரியாமல் போவது சாத்தியமா என்றால், அது மட்டும்தான் சாத்தியம்.

அந்த வீட்டில் அப்பா, அம்மா, பெரியக்கா, அவருக்கு அடுத்து ஒரு தம்பி, நெடுநாள் கழித்துப் பிறந்த கடைக்குட்டித் தங்கை. அப்பாவிடம் இரண்டாம் கையாக வாங்கிய ஒரு கேமரா இருந்தது. அதைச் சுற்றி இரண்டு வழக்கங்கள் வளர்ந்தன. ஒன்று, வீட்டிலும் உறவிலும் யார் ரோல் எடுத்தாலும் அது பெரியக்காவின் லேபுக்குத்தான் வரும். பெண் உள்ளே இருக்கும்போது வெளிக்கடையில் கொடுப்பதா? அது மானப் பிரச்சினை. சிக்கனம் என்ற பேச்சே எழாது. இன்னொன்று ஒரு விளையாட்டு. படம் கழுவி வந்ததும் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, "இதுல யாரைக் காணோம்?" என்று தேடுவார்கள். காணாமல் போனவர்தான் படம் எடுத்தவர். தலை வெட்டுப்பட்டிருந்தால் அவருக்குத் திட்டு; நன்றாக வந்திருந்தால் பாராட்டு. பெரும்பாலும் காணாமல் போனவர் பெரியக்காதான். கேமரா அவர் சொன்னபடி கேட்டது, மற்றவர்கள் அப்படியில்லை.

அம்மா நோயில் விழுந்தபோது பெரியக்காவுக்கு இருபது சொச்சம் வயது. வேறு ஊரில் இருந்த பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அப்பா கூடவே இருந்தார். தம்பி அந்த ஊரில்தான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். கடைக்குட்டியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லை என்று அவளையும் கூட்டிப்போனார்கள். பெரியக்கா மட்டும் வீட்டில். தேர்வு விண்ணப்பங்களுக்கு எல்லோரும் பாஸ்போர்ட் அளவுப் படம் எடுக்கும் காலம். லேப் வாசலில் கூட்டம் தெருவரை நின்றது. அந்தக் கூட்டத்திலும் அவர் முதலாளியிடம் போய் நின்று லீவு கேட்டார். முதலாளி உடனே கொடுத்துவிட்டார். பை கட்டியாகிவிட்டது.

அப்போது லேபுக்குத் தம்பியின் போன் வந்தது.

"அக்கா, அம்மாவுக்கு நினைவே இல்லை. உள்ளயே விட மாட்டேங்கறாங்க. நீ வந்து வராந்தாவுல உக்காந்து என்ன பண்ணப் போற? அப்பா சொல்லும்போது வா, போதும்."

வாங்கிய லீவைத் திருப்பிக் கொடுத்த ஒரே ஊழியர் என்று முதலாளி பிற்பாடு பலரிடம் பெருமையாகச் சொன்னார். அப்பா சொல்லி அனுப்பியபோது அம்மா உயிரோடு இல்லை.

அந்த இழப்பைப் பெரியக்கா தாங்கிக்கொண்டது ஒரே ஒரு பிடிமானத்தால். அம்மாவுக்குக் கடைசியில் யாரையும் தெரியவில்லை. ஆகவே தன்னையும் தேடியிருக்க மாட்டார். துக்கம் கேட்க வந்தவர்கள், "கடைசியா பார்க்க முடியலையேம்மா" என்று அழுதபோது, "இருந்தவங்களையே அவங்களுக்குத் தெரியலைங்க, இல்லாதவளையா தேடப் போறாங்க" என்று அவர்களை இவர் தேற்றினார். பிறகு பல வருஷம் தன்னையும் இப்படியே தேற்றிக்கொண்டார்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வரலாம்.

தம்பி இப்போது காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஓய்வு பெற்று, மாடி வீடு கட்டி, சம்பந்திகளோடு மரியாதையாக வாழ்கிறவர். அவருடைய மகளுக்குப் பழைய படங்களின் மேல் திடீர்ப் பற்று வந்தது. வீட்டிலிருந்த பெட்டிகளையெல்லாம் கவிழ்த்து, கிடைத்த படங்களை எல்லாம் போனில் ஏற்றி, அன்று காலையிலிருந்து குடும்ப வாட்ஸாப் குழுவில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தாள். மாலையில் எல்லோரும் வீட்டுக்கு வந்து பெரிய டிவியில் பார்ப்பதாக ஏற்பாடு. பெரியக்கா மதியம்வரை லேபில் இருந்தார். ஒரு கல்லூரிக்காகக் கோப்பைகள் அவசரம். போனைத் திறந்து பார்க்கவில்லை. எனவே எல்லோரும் காலையிலேயே பார்த்துவிட்டதை அவர் மாலையில்தான் பார்த்தார்.

கூடம் நிறைந்திருந்தது. பழைய விளையாட்டைத் தம்பி மகள் புதுப்பித்திருந்தாள். டிவியில் ஒரு படம் வந்தது: கால்சட்டை அக்குள்வரை ஏறிய நிலையில் தம்பி.

"இதுல யாரைக் காணோம்?"

"உங்கப்பாவோட இடுப்பைக் காணோம்" என்றாள் கடைக்குட்டி. அவளுக்கு இப்போது நரை விழுந்துவிட்டது. பட்டம் மட்டும் மாறவில்லை.

அடுத்த படத்தில் எல்லோருக்கும் கழுத்துவரைதான் இருந்தது. "சித்தப்பா எடுத்தது!" என்று கூடமே கத்தியது. அப்பாவின் கடைசித் தம்பியான சித்தப்பா தன் பங்குக்கு, "முகத்தைத்தான் தினமும் பார்க்கறோமே, சட்டையைப் பார்க்கட்டும்னுதான் எடுத்தேன்" என்றார்.

அதற்கடுத்த படம் வந்தது.

ஒரு நீளமான ஆஸ்பத்திரி வராந்தா. சக்கர நாற்காலியில் அம்மா. பின்னால் கைப்பிடியைப் பிடித்தபடி அப்பா. ஒரு பக்கம் மெலிந்த தம்பி. மறுபக்கம் கையில் மாவுக்கட்டோடு கடைக்குட்டி. அம்மாவின் தலை வாரிப் பின்னப்பட்டிருந்தது. கேமராவை நேராகப் பார்த்து, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பாட்டியோட கடைசி போட்டோ" என்றாள் தம்பி மகள், குரலைத் தாழ்த்தி. "இதுல யாரைக் காணோம்? பெரியத்தை! அத்தை, எவ்வளவு அழகா எடுத்திருக்கீங்க! காலையில குரூப்ல போட்டதும் அப்பாவே எழுதிட்டாரு, 'ஆமாம், அக்கா எடுத்ததுதான்'னு. எல்லாரும் அழுதுட்டாங்க தெரியுமா?"

யாரோ கை தட்டினார்கள். கூடமே தட்டியது.

பெரியக்காவின் கண் முதலில் போனது படத்தின் ஓரத்துக்கு. சுற்றிலும் வெள்ளை விளிம்பு. அவருடைய லேபில் அந்தக் காலத்தில் விளிம்பு வைத்து அச்சிடுவதே இல்லை, முதலாளிக்கு ஆகாது. ஆக இது வேறு கடையில் கழுவியது. வெளிக்கடையை மானப் பிரச்சினையாகக் கருதிய குடும்பம் வெளிக்கடைக்குப் போயிருக்கிறது. அப்புறம் மாவுக்கட்டைப் பார்த்தார். கடைக்குட்டி ஆஸ்பத்திரிப் படியில் விழுந்து கையை முறித்துக்கொண்டது அம்மாவின் கடைசி நாட்களில். அந்தக் கட்டைப் பெரியக்கா முதலில் பார்த்தது சாவு வீட்டில்தான். கடைசியாகத்தான் அம்மாவின் முகத்துக்கு வந்தார். நினைவே இல்லாத அம்மா, நினைவோடு சிரித்துக்கொண்டிருந்தார்.

"நல்லா வந்திருக்கு" என்றார் பெரியக்கா. எடுத்தவர் யார் என்று அந்த வாக்கியம் சொல்லவில்லை. தம்பியைத் திரும்பிப் பார்த்தார். அவர் தேநீர்க் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

பெரியக்கா எழுந்து சமையலறைக்குப் போனார். சற்று நேரத்தில் கோப்பைகளைக் கழுவக் கடைக்குட்டியும் வந்தாள். அக்காவின் தோளில் ஈரக்கையை வைத்தாள்.

"அண்ணன் அப்படி எழுதினதுல உனக்கு வருத்தம் இல்லையே? நானும் காலையில பார்த்துட்டு மறுத்து எழுதலை. போகட்டும், அக்கா எடுத்ததாவே இருக்கட்டும்னு விட்டுட்டேன். எடுத்தது அந்த வார்டு ஆயாதான். அது இப்ப யாருக்குத் தெரியணும்?"

"அன்னிக்கு அம்மாவுக்கு நினைவு இருந்துதாடி?"

"என்ன கேள்வி இது? அன்னிக்குப் பூரா பேசிட்டே இருந்தாங்க. அண்ணன்கிட்ட நம்ம வீட்டு கேமரா இருந்துது. அதைப் பார்த்ததும் அம்மா ஒரே பிடிவாதம். தலையை வாரி விடு, நல்ல சேலையை எடுன்னு. 'இந்தப் படம் பெரியவ கைக்குத்தானே போகும். அவ கழுவும்போது என்னைப் பார்ப்பா. நான் நல்லா இருக்கேன்னு அவளுக்குத் தெரியட்டும், இல்லாட்டி அங்க தனியா உக்காந்து அழுவா'ன்னாங்க. அதான் அவ்வளவு பெரிய சிரிப்பு. உனக்காகத்தான் சிரிச்சாங்க." கடைக்குட்டி குழாயை மூடினாள். "நீதான் பார்த்திருப்பியே."

"நான் எங்கடி பார்த்தேன்?"

"கழுவினது நீதானே?"

"இல்லை."

கடைக்குட்டிக்கு இது பிடிபடவில்லை. "நம்ம வீட்டுப் படத்தை வேற யாருக்கா கழுவுவாங்க? நீ அதைப் பார்த்தே, பார்த்துட்டும் வரலைன்னு நான் சின்ன வயசுல எவ்வளவு கோவப்பட்டேன் தெரியுமா? அம்மா தினமும் வாசலைப் பார்ப்பாங்க. அண்ணன் போன் பண்ணிட்டு வந்து, 'லீவு கிடைக்கலையாம், வர முடியாதுன்னுட்டா'ன்னு சொன்னான். அம்மா கோவிச்சுக்கலை. 'பாவம், அவளுக்கு அங்க என்ன தொல்லையோ'ன்னாங்க. ஆனா அதுக்கப்புறம் வாசலைப் பார்க்கலை." அவள் அக்காவின் முகத்தைப் பார்த்துப் பதறினாள். "ஐயோ, நான் எதையும் மனசுல வெச்சுக்கலைக்கா. உன்னை நான் எப்பவோ மன்னிச்சுட்டேன். அதனாலதான் இத்தனை வருஷமா ஒரு வார்த்தை கேட்டதில்லை."

தங்கை பெருந்தன்மையாகக் கேட்காமல் விட்டாள். அக்கா நிம்மதியாகக் கேட்காமல் விட்டார். இரண்டு நல்ல குணங்களுக்கு நடுவில் ஒரு பொய் சௌகரியமாகக் குடியிருந்திருக்கிறது.

"எனக்கு லீவு கிடைச்சுது" என்றார் பெரியக்கா. "பையைக் கூடக் கட்டிட்டேன். அம்மாவுக்கு நினைவில்லை, வராதேன்னு உங்கண்ணன்தான் போன் பண்ணான்."

கடைக்குட்டியின் கையிலிருந்த கோப்பை கழுவுதொட்டியில் சரிந்தது. உடையவில்லை. அக்காவின் லேபில் அச்சடித்தது, கெட்டியான சரக்கு.

தம்பி பால்கனிக்குப் போயிருந்தார். காய்ந்தே இராத தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பெரியக்கா கதவைச் சாத்திவிட்டு எதிரில் நின்றார்.

"எந்தக் கடையில கழுவினே?"

தம்பிக்கு இந்தக் கேள்வி எதிர்பாராதது. மற்ற எல்லாக் கேள்விக்கும் அவர் தயாராக இருந்திருக்க வேண்டும். "ஆஸ்பத்திரிக்கு எதிர்ல ஒரு கடை இருந்துது" என்றார், மாணவன்போல.

"ஏன் அங்கே?"

"உன்கிட்ட வந்தா அம்மா உக்காந்திருக்கறதைப் பார்த்துடுவே. அப்புறம் நான் சொன்னது..." நீர்க்குவளையைக் கீழே வைத்தார். "அப்பாதான்க்கா சொன்னாரு. சீசன் நேரம், நீ கிளம்பிட்டா வேலை போயிடும், உன் சம்பளம் இல்லாட்டி ஆஸ்பத்திரியில வைக்க முடியாதுன்னு. உன்கிட்ட இப்படிச் சொல்லு, அம்மாகிட்ட அப்படிச் சொல்லுன்னு அவர்தான் சொல்லிக் குடுத்தாரு. நான் சின்னப் பையன்."

"என்னைவிட ரெண்டு வயசுதான் சின்னவன்."

"சீசன் முடிஞ்சதும் கூட்டிட்டு வரலாம்னுதான் இருந்தோம். அம்மா அதுக்குள்ள போவாங்கன்னு யாருக்குத் தெரியும்?"

"சரி. அன்னிக்குச் சொன்னது அப்பா. இன்னிக்குக் காலையில 'அக்கா எடுத்ததுதான்'னு எழுதினதும் அப்பாதானா?"

அப்பா போய்ச் சேர்ந்து வருஷக்கணக்காகிறது. தம்பி செடியைப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு எங்கிருந்தோ அதைத் தோண்டி எடுத்துக் குரூப்ல போட்டுட்டா. நீ எடுத்ததுன்னு அவளே நினைச்சுக்கிட்டா. நான் என்ன பண்றது? இல்லைன்னு எழுதினா, ஏன் அவ வரலைன்னு நாலு பேர் கேப்பாங்க. உனக்குத்தானே கெட்ட பேரு? யோசிச்சுப் பாரு, நல்லதுதான் பண்ணியிருக்கேன். அம்மாவோட கடைசி நேரத்துல நீ கூட இருந்த மாதிரி ஆச்சு."

"இருந்த மாதிரி" என்று பெரியக்கா மெல்லச் சொல்லிப் பார்த்தார்.

உள்ளதைச் சொன்னால், அது மலிவான பரிசல்ல. அம்மா சிரித்த அந்த நிமிஷத்தில் எதிரே நின்றதாக இனி உறவெல்லாம் நம்பும். பெரியக்கா ஒன்றும் செய்ய வேண்டாம். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அது அவருக்குக் கைவந்த கலை. அந்தச் சிரிப்பு அவருக்காகவே சிரிக்கப்பட்டது. எதிர்க்கடையில் கழுவப்பட்டு, தம்பியின் பெட்டிக்குள் காப்பீட்டுத் தாள்களுக்கு அடியில் அவர் தலை நரைக்கும்வரை கிடந்தது. இப்போது அதே கையால், நடக்காத ஒன்றை அதற்கு ஈடாக நீட்டுகிறார்கள்.

பெரியக்கா கைப்பையிலிருந்து போனை எடுத்தார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒற்றை விரலால் நிதானமாக எழுதத் தொடங்கினார். தம்பி எட்டிப் பார்த்தார்.

"அக்கா, வேண்டாம். சம்பந்தி வீட்டுக்காரங்க எல்லாம் குரூப்ல இருக்காங்க. எல்லாரும் கூடத்துல இருக்காங்கக்கா."

"இருக்கட்டும்டா. அன்னிக்கும்தான் எல்லாரும் இருந்தீங்க."

கூடத்தில் போன்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கூவின. தம்பி மகளின் போன் டிவியோடு இணைந்திருந்ததால், செய்தி அம்மா சிரிக்கும் படத்தின் மேலேயே வந்து நின்றது:

"இந்தப் படத்தை எடுத்தது நான் இல்லை. நான் அங்கே இல்லை. எனக்கு லீவு கிடைத்திருந்தது. அம்மாவுக்கு நினைவில்லை, வராதே என்று என் தம்பி என்னிடம் சொன்னான். நான் வர மறுத்துவிட்டதாக அம்மாவிடம் சொன்னான். அம்மா அதை நம்பி இறந்துபோனார்."

சித்தப்பா வாய்விட்டுப் படிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார். தூரத்து ஊரிலிருந்த ஒரு உறவினர், எழுத்து நீளமாக இருந்ததால் படிக்காமலேயே, இரண்டு கும்பிடும் கையும் ஒரு இதயமும் போட்டு, "அருமையான நினைவுகள், பகிர்வுக்கு நன்றி" என்று பதில் அனுப்பினார். அதுவும் டிவியில் வந்தது.

பெரியக்கா கூடத்துக்கு வந்து தம்பி மகளிடம் கையை நீட்டினார். "அந்தப் படத்தைக் குடும்மா. காகிதப் படம்."

"அத்தை, எனக்கு எதுவுமே தெரியாது, சத்தியமா..."

"தெரியும். குடு."

அவள் புதிதாக அடுக்கியிருந்த ஆல்பத்திலிருந்து உருவிக் கொடுத்தாள். தம்பி மனைவி வழியில் வந்து நின்று, "சாப்பிட்டுட்டுப் போங்க அண்ணி" என்றாள். வேறு என்ன சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. பழக்கம் கை கொடுத்தது. பெரியக்கா அவள் கன்னத்தைத் தட்டிவிட்டுப் படியிறங்கினார்.

பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது கடைக்குட்டி மூச்சு வாங்க ஓடி வந்தாள். காலில் யாருடையவோ செருப்பு. ஒன்று பெரிது, ஒன்று சிறிது. வந்தவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூச்சு அடங்கியதும் சொன்னாள்:

"உன்னை மனசுக்குள்ள எவ்வளவு திட்டியிருக்கேன்க்கா."

"பரவாயில்லை. எனக்குக் கேக்கலை."

"நான் என்ன பண்ணட்டும் சொல்லு."

பெரியக்கா படத்தை உறையில் போட்டு, உறையைப் பையில் போட்டு, பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

"திட்டினதை வெச்சுக்கோ, அது அறியாம திட்டினது. மன்னிச்சுட்டேன்னியே, அதை மட்டும் திரும்ப வாங்கிக்கோ. அது எனக்குச் சேர்ந்ததில்லை."